செவ்வாய்க்கிழமை, வெயில்

நாலு இரவு வேலை முடிந்து
பாயான் லெப்பாஸ் ஆலை வாசலில் நின்றோம்.
காலை ஏழரை.
வழக்கமாக வீட்டுக்குப் போவேன்,
திரைச்சீலையை இழுத்துப்
பகலை இருட்டாக்கிக்கொண்டு படுப்பேன்.
"கடலுக்குப் போலாமா?" என்றாள் ஜெகா,
முக்குக் கடைக்குக் கூப்பிடுவது போல.

நாங்கள் இருப்பது தீவில் என்பது
பாலத்தில் நெரிசல் என்று யாராவது சொன்னால்தான்
எனக்கு ஞாபகம் வரும்.
கடலைத் தொட்டு இரண்டு வருடம்.

பேருந்தில் ஒன்றரை மணி நேரம்.
அவள் என் தோளில் தூங்கினாள்,
நான் கண்ணாடியில்.
தஞ்சோங் பூங்கா வளைவில்
வலப்பக்கம் முழுக்கத் திடீரென்று எரிந்தது.

பத்து ஃபிரிங்கி.
சுற்றுப்பயணிகள் இன்னும் பசியாறி முடிக்கவில்லை.
வாடகைக் குதிரை ஒன்று வாலை வீசிக்கொண்டிருந்தது,
குதிரைக்காரப் பையன் கைப்பேசிக்குள் இருந்தான்.
ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகையில்
யாரோ துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

எங்கள் அறையில் வெளிச்சம் மஞ்சள்.
நள்ளிரவும் மஞ்சள், விடியல் நாலு மணியும் மஞ்சள்.
சில்லுத் தகட்டுக்கு வேறு நிறம் ஆகாது.
தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை,
கண் மட்டும் வெளியே.
மூன்று வருடமாக ஜெகாவை
நான் புருவத்தை வைத்தே கண்டுபிடிக்கிறேன்.
இன்றைக்குத்தான் பார்த்தேன்,
காதோரம் நரைத்திருக்கிறாள்.
அவளும் என் முகத்தில் எதையோ பார்த்தாள்,
சொல்லவில்லை.

காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி இறங்கினோம்.
தண்ணீர், மறந்து வைத்த தேநீரின் சூடு.
கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பு,
திறந்தால் எங்கும் வெள்ளை,
மஞ்சள் எங்கேயும் இல்லை.
முதல் அலைக்கு "ஐயோ" என்றேன்.
இரண்டாவது அலைக்கு வாயே திறக்கவில்லை.

ஒரு கன அடிக் காற்றில் எத்தனை தூசி என்று
சுவரில் ஓர் எண் ஓடும் எங்கள் அறையில்.
கூடினால் விளக்கு மின்னும்,
மேற்பார்வையாளர் வருவார்.
ஜெகா இரண்டு கை நிறைய மணலை அள்ளி
என் பாதத்தில் கொட்டினாள்.
"எண்ணு," என்றாள்.
சிரித்த சிரிப்பில் குதிரை திரும்பிப் பார்த்தது.

மணலிலிருந்துதான் சில்லு வருகிறதாம்.
பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள்.
அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன்.
இப்போது விரலிடுக்கில் அதைத் தேய்த்துப் பார்க்கிறேன்,
ஒன்றும் தெரியவில்லை,
சொரசொரப்பு நன்றாக இருக்கிறது.

மூன்று வெள்ளிக்குக் கொய்யா,
மேலே அசாம்பொய்த் தூள்.
அம்மா அழைத்தார்.
"எங்கடி, தூங்கலையா?"
"தூங்கிட்டுத்தாம்மா இருக்கேன்."
"அது என்ன சத்தம்?"
"காத்தாடி."
ஜெகா கொய்யாவோடு புரைக்கேறிப்
புரண்டாள்.

பிறகு மெய்யாகவே தூங்கினோம்,
வாதுமை மரத்தடியில், பையைத் தலைக்கு வைத்து.
நிழல் எங்களை எழுப்பாமல்
தன் பாட்டுக்கு நகர்ந்து போயிருக்கிறது.
விழித்தபோது மணி இரண்டு,
என் இடது கால் மட்டும் வெயிலில்
இறால் போலச் சிவந்து கிடந்தது.

வியாழன் இரவு,
காற்று பொழியும் கூண்டில் கைதூக்கிச் சுற்றி நின்று
சுத்தமாகத்தான் உள்ளே போனேன்.
சுவரில் எண் கூடவில்லை.
ஆனால் வெள்ளைக் காலணிக்குள்
இடது பாதத்தில் இன்னும் பகல்.
நின்ற இடத்திலேயே வலது காலால்
அதை மெல்லத் தேய்த்தேன்.

எதிர் இயந்திரத்தின் பின்னால்
ஒரு புருவம் உயர்ந்தது.