பதினோராவது கேள்வி

புந்தா அரேனாஸில் நவம்பர் வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
காற்று ஆளைத் தூக்கி
நீரிணைக்குள் போட்டுவிடாது.
எங்கள் பள்ளிக்குள் கயிறு இல்லை.

பெயர் எழுத வேண்டாம் என்று
தாளின் தலையில் தடித்த எழுத்தில் இருந்தது.
பாடம் மட்டும் எழுத வேண்டுமாம்,
பணியில் எத்தனை வருடம் என்றும்.
இசைக்கு இங்கே ஒரே டீச்சர்.
லூபிட்சா கையெழுத்துப் போட்டே
கொடுத்திருக்கலாம்.

கூட்டிச் சராசரி எடுக்க
கணக்கு டீச்சரான என்னிடம் கட்டாகத் தந்தார்கள்.
பதினோராவது கேள்வி:
உடன் பணிபுரிபவர்களை நம்புகிறீர்களா?
ஒன்று என்றால் துளியும் இல்லை,
ஐந்து என்றால் முழுதாக.
இருபத்து மூன்று தாள்.
இருபத்து மூன்று நான்கு.

சராசரி நான்கு.
சிதறல் பூஜ்யம்.

பதினேழு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன்.
மழை அளவு, பிள்ளைகளின் உயரம்,
ஒரே மரத்து ஆப்பிள்களின் எடை,
எதிலும் பார்த்ததில்லை அந்தப் பூஜ்யத்தை.
எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கையில்
எடுத்த படம் அது.
ஐந்து போட்டால் காக்காய் பிடிப்பதாகச் சொல்வார்கள்,
மூன்று போட்டால் யாரென்று தேடுவார்கள்.
நான்கில்தான் கைரேகை படியாது.

முதல்வர் இக்னேசியாவுக்கு ஒரே மகிழ்ச்சி.
எண்பது சதவீதம் என்று
நடைவழியில் ஒட்டச் சொன்னார்.

ஜூலை வரை ஆசிரியர் அறையில்
ஒரே மாத்தே குடுவைதான் சுற்றிவரும்.
ஒரே உலோகக் குழல், இருபது வாய்.
எச்சில் என்று எவரும் நினைத்ததில்லை.
இப்போது ஆளுக்கொரு ஃபிளாஸ்க்.
சர்க்கரை டப்பாவில் பெயர்ச்சீட்டு.
நான் நுழைந்தால் பேச்சு வானிலைக்குத் தாவும்.
நான் இருக்கையில் வேறொருவர் நுழைந்தால்
நானும் வானிலைக்குத் தாவுவேன்.
இந்த ஊரில் வானிலை பேசித் தீராது,
அந்த மட்டுக்கும் நல்லது.

ஜூலையில் நடந்தது இவ்வளவுதான்.
பனிப்புயல். கடைசி மணிக்கு நாற்பது நிமிடம் இருக்கையில்
வரலாறு எடுக்கும் எலிசேயோ
ஏழாம் வகுப்பைக் கைகோத்து நடத்தி
பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்,
புருவமெல்லாம் பனி.
மறுநாள் அவர் மேஜையில்
விளக்கம் கேட்டு ஓர் உறை.

யார் சொன்னது?
சுவருக்கும் காது உண்டு என்றார்கள்.
சுவருக்கு வாய் இல்லை.
எனக்கு இருந்தது.

நகல் இயந்திரத்தில் தாள் சிக்கியிருந்தது.
"மேல்மாடியில் ஏன் இவ்வளவு அமைதி?"
என்று இக்னேசியா கேட்க,
தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டே
"எலிசேயோ வகுப்பு போய்விட்டதே" என்றேன்.
கோள் இல்லை, குரோதம் இல்லை.
தாள் கிழிந்ததுதான் அப்போது எனக்கு வருத்தம்.

அதன்பின் நான்கு மாதம்
ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் சந்தேகித்தார்கள்,
லூபிட்சாவைக் கொஞ்சம் கூடுதலாக.
அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை அறையில் அவர் மட்டும்.
ஜன்னல் சட்டம் காற்றில் பல்லைக் கடித்தது.
சொல்லிவிட்டேன்.

சிவப்புப் பேனா நிற்கவில்லை.
கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்து
மதிப்பெண்ணைச் சுழித்துவிட்டு,
"தெரியும்" என்றார். "ஆகஸ்டிலிருந்து."
மேலே ஏதாவது கேட்பார் என்று நின்றேன்.
"அந்தப் பதினோராவதுக்கு
நானும் நாலுதான் போட்டேன்" என்றார்.
"இன்னொரு உறை வரும் என்று பயம்."
அடுத்த தாளை எடுத்தார்.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
தெருமுனையில் கயிறு விறைத்து முனகியது.
பிடித்தபோது தெரிந்தது,
மறுமுனையை யாரோ பிடித்து வருகிற அதிர்வு.
கண்ணெல்லாம் மண்.
யாரென்று தெரியவில்லை.
நான் விடவில்லை.