முக்கால்

பள்ளிப்பட்டுக்கு வடக்கே
பஸ் திரும்பிப் போகிற இடத்தில் எங்கள் பள்ளி.
சத்துணவுக் கூடத்தில் நின்றால் தமிழ்நாட்டு டவர்.
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்
செல்போன் குதித்துச் சொல்லும்:
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது.
நாலாம் வகுப்புக் கணக்கு என்னுடையது.

அன்றைக்குப் பின்னம்.
பலகையில் வட்டம் போட்டு நாலாய்க் கீறி
‘கால் பங்கு வரையுங்கள்’ என்றேன்.
பதினேழு நோட்டில் பன்னிரண்டு சரி.
முனிலட்சுமி மட்டும்
கொலுசு மாட்டிய ஒரு கால் வரைந்திருந்தாள்,
ஐந்து விரலுக்கும் நகத்தோடு.

சிரித்தார்கள். நானும்தான்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இது பொய்க்கணக்காகிவிடும்.

அவள் வீட்டில் கால் என்றால் கால்தான்.
பங்குக்குப் பெயர் பாவு.
எனக்குத் தெரியாததா?
நகரிச் சந்தையில்
பாவு கிலோ பச்சைமிளகாய் கேட்டு வாங்குகிறவள் நான்.
பள்ளிக்கு வந்ததும் அந்த நாக்கை
டிபன் பாக்ஸோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

மறுநாள்
மூலையில் கிடந்த உடைசலைத் தூக்கிவந்து
நடுவில் நிறுத்தினேன்.
இப்போது கால் எத்தனை?
மூன்று.
முன்னே?
நாலு.
முனிலட்சுமி அதை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.
கால் போன மூலைக்குத் தன் முட்டியை அண்டை கொடுத்து,
‘முக்கால் நாற்காலி, டீச்சர்’ என்றாள்.
பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி,
‘முப்பாவு.’

அது அவளுக்கு ஆயிற்று.
தஸ்தகீருக்கு ஆகவில்லை.
எண்கள் அவனுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை.
கோட்டுக்கு மேலே இருக்கும் ஒன்று
நழுவிக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
பழைய பேப்பரைக் கையில் கொடுத்தேன்.
மடித்தான், மடித்தான்,
எட்டில் ஒன்றை நகத்தால் நீவிக் காட்டினான்.
எழுது என்று நான் சொல்லவில்லை.

செஞ்சய்யாவுக்கு அமைதி ஆகாது.
வீட்டில் ராப்பகலாய் விசைத்தறி.
வகுப்பில் சத்தம் அடங்கினால்
கரண்ட் போய்விட்டதென்று தலை தூக்குவான்.
பெஞ்சைத் தட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல் என்றேன்,
பதினாறு வரை போனான்.
ஆனால் அவன் தட்டினால்
பானுரேகாவுக்கு என் குரல் வராது.
அவளுக்கு இடது காது ஒன்றுதான் காது.
இடத்தை மாற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம், வாசலோரம்.
எப்படி வைத்தாலும்
பாதிப் பாடம் சுவருக்கே போகிறது.
இந்தக் கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.
‘பின்னமானதை வகுப்பில் வைக்கலாமாம்மா?’
‘பின்னத்துக்குத்தான் சார் வைத்திருக்கிறேன்.’

வட்டார அலுவலகத்திலிருந்து படிவம்:
மெல்லக் கற்போர் எத்தனை பேர்?
வெறுமனே அனுப்பினேன். திரும்பி வந்தது.
சந்தைக்கும் பலகைக்கும் இடையில்
இருபத்தைந்து நிமிஷப் பஸ்.
அதைக் கடக்க எனக்குப் பதினோரு வருஷம்.
‘ஒன்று’ என்று எழுதிக் கொடுத்து,
யார் என்று கேட்பதற்குள் வண்டியேறிவிட்டேன்.

மடியில் திருத்த வேண்டிய நோட்டுகள்.
முனிலட்சுமி கால் பங்கை
இப்போது அளவாகத்தான் வரைகிறாள்.
அதன் வளைவில் மட்டும்
பொடிப்பொடியாய்ச் சலங்கை.
பஸ் குலுங்கியதில்
டிக் அதையும் சேர்த்துப் போயிற்று.