இரண்டு கோடுகள்

எல் ஆல்ட்டோவில் காற்று மெலிசு.
தீ பற்றிப் பரவ நேரம் பிடிக்கும்.
அதனால் பொறி முந்திக்கொள்ள வேண்டும்,
பிஸ்டன் உச்சி தொடுமுன்னே.

பௌலினா சுக்கிமியா
டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டை அரைச்சுற்று தளர்த்துகிறாள்.
டைமிங் விளக்கு வெட்டி வெட்டி மின்ன,
வெறிபிடித்துச் சுழலும் புல்லியின் வெள்ளைக் கோடு
கையும் களவுமாய்ப் பிடிபட்டு
அப்படியே நிற்கிறது.
மயிரிழை திருப்புகிறாள்.
இன்னும் ஒரு மயிரிழை.
எஞ்சின் இருமலை விழுங்கிவிட்டு
ஒரே மூச்சில் பேசத் தொடங்குகிறது.

அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு.
சற்றுத் தள்ளிப் பச்சையில் இன்னொன்று.

"சிவப்பு மேட்டுக்கு.
கரனாவிக்கு இறங்கினால் காற்று தடிக்கும்.
தகர டப்பாவில் சோளம் குலுங்குவதுபோல் கேட்டால்
ஓரங்கட்டு, செவெரோ.
பச்சைக்குத் திருப்பு."

செவெரோ தலையாட்டினான்.
டாக்ஸியில் ஆறு பேர், கூரைமேல் ஒரு மெத்தை.
மேகத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கினான்.
சோளம் குலுங்கியது.
ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

நான்காம் நாள்
துணியில் சுற்றிய பிஸ்டனை
அவள் மேசைமேல் வைக்கிறான்.
தலையில் விரல் நுழையும் ஓட்டை.

பௌலினா அதைக் கண்ணருகே தூக்கி
ஓட்டை வழியாக
அவனைக்
கொஞ்சநேரம் பார்க்கிறாள்.