ஈரப்பதம் இருபத்திரண்டு

கொரடாச்சேரிக்குத் தெற்கே கொள்முதல் நிலையத்தில்
இரவு பத்தே முக்கால்.
லாரி வரவில்லை. நாளைக்கும் வராது என்கிறார்கள்.
மூவாயிரத்துச் சொச்சம் மூட்டை
தார்ப்பாய்க்குக் கீழே புழுங்கிக்கொண்டிருக்கிறது.
பட்டியல் எழுத்தன் நான்
எடைமேடைமேல் போனை வைத்து
அறுபத்தெட்டில் வந்த ஓர் இசைத்தட்டைக் கேட்கிறேன்.
தராசு அதற்கு இருநூறு கிராம் காட்டுகிறது.

முதல் பாட்டு ப்ளூஸ்.
சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டாம் எண்ணிக்கையில்
வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்
குடிகாரனின் ஒழுங்கு அதற்கு.
கண்ணாடிக் குழாயால் கம்பியை இழைக்கிறான்;
நனைந்த சாக்கைத் தரையில் இழுக்கிற சத்தம்.
அடுத்து, மும்மூன்றாய்ச் சுழலும் பியானோ:
கல்யாணம் முடிந்த மண்டபத்தில்
யாரோ நிதானமாக நாற்காலி மடக்குகிறார்கள்.
பிறகு மவுத்தார்கன். பிறகு கூச்சல், கும்மாளம்,
நடுவில் ஒரே நிமிடத்துக்கு
சொல்லே இல்லாமல் ஒற்றைக் கிதார்.
ஆறாவது பாட்டு ஒரு சுரத்தில் நின்றுவிடுகிறது.
நகராது. நாமும் நகர முடியாது.

மூட்டை அடுக்கின் மேலிருந்து
காத்தமுத்து எட்டிப் பார்க்கிறான்.
"ஒரே செட்டா சார், பாட்டுக்கு ஒரு செட்டா?"
ஒரே செட்டுதான். நாலு பேர்.
"அப்புறம் ஏன் கடைக்குக் கடை மாத்திப் பாடுறானுவ?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
என் பட்டியலில் இரண்டே கட்டம்:
சன்ன ரகம், பொது ரகம்.
இரண்டும் கலந்த மூட்டையைக் கொட்டச் சொல்லி
திருப்பி அனுப்புகிறவன் நான்.
பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரமிருந்தால்
இன்னும் ஒரு நாள் காயட்டும் என்பேன்
கையில் மண்வெட்டித் தழும்போடு நிற்கிறவரிடம்.
அந்த ஆறாவது பாட்டுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆறு கிளை பிரிவதைப் போல, என்று ஒரு வரி வந்தது.
வெண்ணாறு, வெட்டாறு, பாண்டவையாறு என்று
பேர் வரிசையும் தயாராக இருந்தது.
அடித்துவிட்டேன்.
இங்கே ஆறு பிரிவது ஷட்டராலும் முறைப்பாசனத்தாலும்.
அவர்கள் யாரிடமும் முறை கேட்டதாகத் தெரியவில்லை.

முதன்முதலில் இதைப் பதிந்து தந்தவன் நூருல் அமீன்.
நாகூரில், அவன் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்த தட்டு.
தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில்
மொத்தத்தையும் திணித்தான்.
மறுபக்கம் அவன் அக்கா கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது.
அதனால் கடைசிப் பாட்டு எனக்கு
இருபத்து நாலு வருடமாக இப்படித்தான் முடிந்தது:
பாடகன் மூச்சை இழுக்கிறான்.
டொக்.

அதைத்தான் அவர்களுடைய பெரிய துணிச்சல் என்று
டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவந்தேன்.
முடிக்காமல் முடிக்கத் தெரிந்தவர்கள் ஐயா, என்று.

இன்றைக்கு மூச்சை இழுத்தான்.
நான் டொக்குக்குக் காத்திருந்தேன்.
பாடினான்.
டிரம்ஸ் விலகி, ஆர்கன் ஒன்று
தேவாலயத்துக்கு வழி தப்பியதுபோல் உள்ளே வந்தது.
ஒருவன் இருமினான், சிரித்தான்.
அதை எடுத்தெறியாமல் விட்டிருக்கிறார்கள்.
பிறகு அந்த முதல் பாட்டின் மெட்டு,
பாதி வேகத்தில், செருப்பில்லாமல்.
நாலு நிமிடம், பதினோரு நொடி.

ஏமாந்த மாதிரி இருந்தது.
யார் ஏமாற்றியது என்றுதான் பிடிபடவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றான் காத்தமுத்து.
தார்ப்பாயில் முதல் துளி விழுந்தது.
ஓடினோம். கயிறு, கல், இன்னொரு கயிறு.
கிழக்கு மூலையில் பதினாறு மூட்டை நனைந்தது;
யார் கணக்கில் எழுதுவதென்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

விடிகாலை, ஈரக் கையோடு, அமீனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
உன் கேசட்டில் நாலு நிமிடம் பாக்கி.
ஈப்போவில் கடை திறந்ததும் பதில் வந்தது.

எந்தக் கேசட்?