தளர்வு

பேனா மாதிரி ஒன்றை
பிரேக் ஆயில் குப்பிக்குள் விட்டான் ஹாஜா.
பச்சையில் மினுங்கி, மஞ்சளுக்குப் போய்
சிவப்பில் நின்றது.
"நாலு பர்சென்ட் தண்ணி சார்.
மூணுக்கே மாத்திருக்கணும்."

மூடி திறக்காத குப்பிக்குள்
தண்ணீர் எப்படி வரும் என்றேன்.
"காத்துலேருந்து உறிஞ்சும். அதோட குணம்.
கூத்தாநல்லூர்க் காத்து என்னைக்குங்க காஞ்சிருக்கு?"

எனக்குத் தெரியாததா?
வெட்டாற்றுக் கரைக் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
தையில் ஒரு மழை பெய்தால்
கட்டிய சாக்குக்குள்ளேயே நெல்
விடிவதற்குள் இரண்டு புள்ளி ஏறும்.
பதினேழு வரை வாங்கலாம்.
பதினேழரை என்றால்
"காயவச்சு எடுத்துட்டு வாங்க."

ஆனாலும் சொன்னேன், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்."
மேடில்லாத ஊர், இறக்கமில்லாத ஊர்,
ஆறே கடலுக்குப் போக
யோசித்து யோசித்து நடக்கிற தரை.
இங்கே பிரேக்குக்கு என்ன பெரிய வேலை?
நீடாமங்கலம் கேட்டில் நிற்க
ஆயில் எதற்கு, பொறுமை போதும்.
வண்டியை எனக்கு விற்றவரைக் கேட்டதற்கு
"மாத்தியிருப்பாங்க" என்றார்.
யார் என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

வியாழன் இரவு, பத்தரை மணி.
கொரடாச்சேரி சாலையில் பாதி, நெல்.
பகலில் காய்ந்ததைப் பனிக்குத் தார்ப்பாய் மூடி
ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்திருந்தார்கள்.
எதிர் பஸ்ஸின் வெளிச்சம் விலகியபோதுதான்
கல் தெரிந்தது.
மிதித்தேன்.
கல்லைத் தள்ளிக்கொண்டு முன் சக்கரம்
தார்ப்பாயின் மேல் ஒரு முழம் ஏறி
நின்றது.
நெல் நொறுங்கினால் அப்பளம்போல் கேட்கும்
என்று நினைத்திருந்தேன்.
ஈர நெல்லுக்குச் சத்தமே இல்லை.

அந்தக் கோடியில் கொசுவலையை விலக்கிக்கொண்டு
எழுந்து வந்தார் வைரக்கண்ணு.
டார்ச்சை முகத்தில் அடித்து, உடனே தாழ்த்தினார்.
"நீங்களா சார்."
திங்கட்கிழமை நான் திருப்பி அனுப்பிய நெல்.
பத்தொன்பது புள்ளி நாலு.
திட்டியிருக்கலாம்.
ஒரு பிடி அள்ளி நீட்டினார்,
"நாளைக்குப் பதினேழுக்கு வந்துருமா, பாருங்க."
மானி கையில் இல்லை என்றேன்.
ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தேன்.
அவரும் கடித்தார்.
என்ன தெரிந்தது என்று இருவருமே சொல்லவில்லை.

காலையில் ஹாஜாவிடம் "பிரேக் பிடிக்கலை" என்றேன்.
ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.
"பிடிக்குது சார். நீங்க மிதிச்சதுதான் லேட்டு.
இந்த ஆயிலு நேத்து உங்கள விட்டுக் குடுக்கல.
என்னைக்கு விட்டுக் குடுக்கும்னு
சொல்லிட்டும் வராது."

பதினேழை இருபத்திரண்டாகத் தளர்த்தச் சொல்லி
டெல்லிக்கு எழுதியிருக்கிறார்கள்.
வரலாம், வராமலும் போகலாம்.
மூன்றை நாலாகத் தளர்த்த மட்டும்
எனக்கு நானே மனு எழுதி
நானே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

"மாத்திடு."

சக்கரத்தடியில் அவன், உள்ளே நான்.
"மிதிங்க... மிதிங்க... புடிச்சுக்கங்க. விடாதீங்க."
தூரத்துச் சக்கரம் முதலில்.
குழாய் வழியே பாட்டிலில் விழுந்தது
மூன்றாம் தடவை சுடவைத்த டீ.
பிறகு குமிழி, பிறகு வெளுப்பு,
பிறகு விளக்கெண்ணெய்த் தெளிவு.
என் கால் வலித்தது. பெடல் மேலே நின்றது.

பில்லில் தேதி போட்டான், கிலோமீட்டர் போட்டான்.
அடுத்தது எப்போது என்றேன்.
"ரெண்டு வருஷம்னு புஸ்தகம் சொல்லும்.
நம்ம ஐப்பசி கார்த்திகை அந்தப் புஸ்தகத்துல இல்ல.
மழை விட்டதும் வாங்க, பேனாவ விட்டுப் பாப்போம்."

திங்கட்கிழமை
முதல் ஆளாக வந்தார் வைரக்கண்ணு.
மானியில் எண் நடுங்கி நிற்கும்வரை
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பதினேழு புள்ளி இரண்டு.
கொட்டிவிட்டு வேறு சாக்கில் அள்ளிப் போட்டேன்.
பதினேழு புள்ளி ஒன்று.
மூன்றாவது பிடியை
அவரையே எடுக்கச் சொன்னேன்.