ஒன்பதாம் விரிவுரை

கஜவதனி அக்கா கம்பசை விட்டு வந்தபோது
ஒரு சூட்கேஸ், ஒரு மின்விசிறி,
சணல் கயிறு சுற்றிய போட்டோக் கொப்பிக் கட்டு.
முதலாம் வருட உயிரியல், நாற்பது விரிவுரை.
பதினான்கு வரைக்கும் ஓரமெல்லாம் அவவின் கையெழுத்து,
எறும்பு ஊர்ந்ததுபோல.
பிறகு வெள்ளை.
ஏன் நின்றா என்று
எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கேட்பதில்லை.
கட்டு என்னிடம் வந்துவிட்டது.

எனக்கு இன்னும் வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி,
தரம் பன்னிரண்டு.
பகலில் நுணுக்குக்காட்டியின் பாகங்களைப் பெயரிடுகிறேன்.
இரவு பத்துக்குமேல்
ஆங்கிலத்தில் ஒரு வசனம்,
அகராதியில் ஆறு தரம் முங்கி எழும்பினால்
கையில் ஒரு சொல்:
இழைமணி.
நிறமூர்த்தம். நொதியம்.
வெளியே வேறு பெயரில் வேலைக்குப் போய்
வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்
திரும்பிப் பார்க்கிற பிள்ளைகள்.

"அங்க போய்ப் படிக்கிறதை
இங்கேயே படிச்சு முடிச்சால்
அங்க போய் என்னத்தைப் படிப்பாய்?"
அம்மாவுக்குப் பதில் இல்லை.
சூடை மீனின் செவுளைத் திறந்து
வில்லுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
"கறிக்கோ, கண்காட்சிக்கோ?"
அன்று குழம்பு இரண்டு மணிக்கு.

சனிக்கிழமை,
இரண்டு டியூசனுக்கு நடுவே ஒன்றரை மணித்தியாலம்,
டச்சு பே மணல்.
மடியில் எட்டு.
பக்கத்தில், காற்றுக்குச் செருப்பைப் பாரம் வைத்து, ஒன்பது.
மான் வந்தது.
இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்கு
கால் மாற்றி நிற்கிற சீவன்.
செருப்பை மூக்கால் தள்ளிவிட்டு
மூன்று தாளையும் தின்றது.

ஒன்பதாம் விரிவுரை: செல்லுலோசு.
முதல் வசனம் மட்டும் வாசித்திருந்தேன்,
மனிதரால் இதைச் சமிக்க முடியாது என்று.

துரத்தினேன். நாலடி நகர்ந்து
படுத்து, அசைபோட்டது,
பரீட்சை இல்லாத நிதானத்தில்.
கடல் வெயிலில் அதன் தாடை
இடமும் வலமும்
இடமும் வலமும்.

திங்கள் பள்ளி விட்டதும் வங்கிக்குப் போனேன்,
அம்மாவின் சேமிப்புப் புத்தகம் சாட்டாக.
இலக்கம் நாற்பத்தேழு.
"அக்கா, ஒன்பதை மான் தின்றிட்டுது."
அவ நிமிரவில்லை.
ஈரப் பஞ்சில் விரல் தொட்டு எண்ணினா.
"அதெல்லாம் மறந்துபோச்சு."
எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.
நூறில் நின்று, மேல்தாளைப் பெருவிரலால் தடவினா.
"இதுவும் பருத்திதான். அதே சங்கிலி.
ஒன்றுவிட்டு ஒன்று குளுக்கோசு தலைகீழா நிற்கும்,
அதாலதான் எங்களால உடைக்கேலாது.
மானாலயும் ஏலாது.
மானுக்குள்ள இருக்கிறதுகள்தான் உடைக்கிறது."
கட்டுக்கு ரப்பர் போட்டா.
எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார்.
"அடுத்த இலக்கம்."

மறந்துபோச்சாம்.

தவணைப் பரீட்சை வந்தது.
தாவரக் கலச்சுவரின் பிரதான கூறு யாது?
ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளிக்கோடு.
எழுதினேன். கை நிற்கவில்லை;
கோடு தாண்டி, ஓரம் இறங்கி,
தலைகீழாய் நிற்பவை, காசுத்தாள்,
மானின் முதலாம் இரைப்பையில் காற்றில்லாமல்
வேலை செய்யும் கோடிக்கணக்கானவை.
சிவப்பு மையில் வந்தது:
சரி. 1 புள்ளி. கேட்டதை மட்டும் எழுதவும்.

இப்போது தாள்களின்மேல் செருப்பில்லை,
கருங்கல்.
பதினைந்தாம் விரிவுரை. வெள்ளை ஓரம்.
என் பென்சிலால் முதல் குறிப்பு:
திங்கள் வங்கியில் சனம்.
புதன், இரண்டரைக்குப் பிறகு.