பாக்கிச் சில்லறை

தருமபுரி ஜி.ஹெச்., இரண்டாம் மாடி.
முப்பத்தொரு கேள்விகள்.
ஒவ்வொன்றும் "கடந்த நாலு வாரத்தில்" என்றே தொடங்குகிறது.
நஸ்ரின் வாசிக்கிறாள்:
சைபர் என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் வாழவே விடவில்லை.
நடுவில் உள்ளதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணா.

மூடிய கை திறக்கச் சிரமமா?

எப்படிச் சொல்ல.
பாலக்கோடு வழி ஓசூர் வண்டி,
பதினாறு வருஷம் கண்டக்டர்.
மார்கழியில் முதல் ட்ரிப் நாலு இருபதுக்கு.
மாரண்டஹள்ளியில் தக்காளிக் கிரேடுகளோடு ஏறுவார்கள்.
ஐம்பதை வாங்கிக்கொண்டு
பாக்கி பதின்மூன்றை நீட்டுவேன்.
நீட்டிய கை திறக்காது.
உள்ளே ஒரு பத்து ரூபாய்க் காசும் மூன்று ஒரு ரூபாயும்
என்னோடு சேர்ந்து காத்திருக்கும்.
"குடுக்கற மாதிரி குடுத்துட்டு
கைக்குள்ளயே வெச்சுக்கிறியே, ஏய்யா?"
வேறெப்படிக் கேட்பார்கள்.
ஒருத்தி விரல் விரலாய்ப் பிரித்தாள்,
குழந்தை வாயில் போட்ட காசைப் பிடுங்குவது போல.
ராயக்கோட்டை தாண்டினால் கை இளகிவிடும்.
அதற்குள் பேர் கெட்டிருக்கும்.

தாளில் களைப்பு உண்டு. விழுங்கச் சிரமம் உண்டு,
இமை சரிவது, பகல் தூக்கம்.
கணக்கில் ஒரு ரூபாய் குறையாதவனை
டெப்போவில் 'அமுக்கி மாதையன்' என்பதற்குக்
கட்டம் இல்லை.

மூணு போடட்டுமா? என்கிறாள்.
போடும்மா.

எனக்கென்று ஓர் அளவு உண்டு.
கையை மூடிவிட்டு, திறக்கச் சொல்லி, எண்ணுவேன்.
சித்திரை வெயிலில் நாலு.
சும்மா ஒரு நாளில் ஏழு.
பனி இறங்கினால் பதினொன்று, பன்னிரண்டு.
கல்யாணத்தன்று காவேரியின் கையைப் பிடித்தபோது
எண்ணத் தெரியாது.
மாப்பிள்ளை விடவே மாட்டேங்கறார் என்று
பந்தலே சிரித்தது.
அவளும்தான்.

தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வி.
நஸ்ரின் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.
சைபர் என்றேன். பொய்.

குடும்பத்தைப் பற்றிய கவலை?

போன ஞாயிறு பென்னாகரம் ரோட்டில் மேட்ச்.
என் பையன் யுகேந்திரன், பத்தாவது,
பவுண்டரிக் கோட்டில் ஒற்றைக் கையால் பிடித்தான்.
"பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு பாருய்யா!"
பக்கத்தில் நின்றவர் என் தோளில் அடித்தார்.
பையன்கள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள்.
அவன் பந்தைத் தூக்கிப் போடவில்லை.
கையை உயர்த்தியபடியே நின்றான்.
ஊர் கைதட்டிக்கொண்டிருந்தது,
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
அவன் வயதில் எனக்கு இது
தொடங்கவே இல்லை.

நாலா, அஞ்சா? என்கிறாள்.
அதை அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

கடைசியில் ஒரு வெற்று வரி:
நாங்கள் கேட்க மறந்தது ஏதும் உண்டா?
நீங்களே எழுதுங்க என்று பேனாவைத் தந்தாள்.
'பந்து' என்று எழுதினேன்.
படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
பேனாவைத் திருப்பி நீட்டினேன்.
விரல்கள் விடவில்லை.

அவள் கையை ஏந்தியபடி இருந்தாள்.
பிடுங்கவில்லை.
உதடு மட்டும் லேசாக அசைந்தது;
எண்ணுகிறாள் போல.
வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.